சாந்தினி பேருக்கு ரெண்டு சீல்

செமிலிங்,
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மருமகள் சாந்தினிக்கு மாமா தர்மலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை செல்லாயியும் கோழிகளும் நலம். அங்கு பொம்பாவின் தீயணைப்புப் பயிற்சியில் நீயும் உன் முழங்கால்களும் நலமாயிருக்க மாரியாத்தா துணையிருப்பாள். போனையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாமே, அதனால்தான் கடிதம். நாளைக்கு உன்னைப் பார்க்க வரும் லோகேஸ்வரனிடமே கொடுத்தனுப்புகிறேன். பிரித்தாலும் உன் புருஷனுக்கு என் கையெழுத்து புரியாது என்ற தைரியம்தான்.

எல்லோரும் நலம் என்று எழுதினேன் அல்லவா, அதில் உன் மலைச் சைக்கிள் சேராது. புறப்படும் அன்று நீ என்ன சொன்னாய்? "மாமா, என் பைக்க இவரு கையில குடுத்துடாதீங்க. நீங்க மட்டும் பாத்துக்குங்க." என் மகனை வைத்துக்கொண்டே சொன்னாய். அன்றிலிருந்து நான் தோட்டத்தில் நடக்கிற நடையே வேறு. கோர்ஸ் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை பெண்டாங் சைக்கிள் ஜம்போரிக்கு நீ ஏறிப் போக வேண்டிய சைக்கிள், அதனால் வீட்டிலேயே பத்திரமான இடத்தில், சாமித்தட்டுக்கு நேர் கீழே, சுவரில் சாய்த்து வைத்தேன். திருடனுக்குச் சாமி பயமாவது இருக்கும்.

ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், முன்காலில் எண்ணெய். நீ ஃபோர்க் என்பாய், எனக்கு அது மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிற அப்சோபர் மாதிரிதான், குழிக்குக் குழி குனிந்து நிமிர்கிற கால். துடைத்தேன். மறுநாளும் எண்ணெய். போனில் தேடினால் ஒரு வெள்ளைக்காரன் வந்தான். அவன் பேசியது ஒன்றும் புரியவில்லை, காட்டியது புரிந்தது. கால் மேல் எண்ணெய் வந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் செத்துப்போச்சு, கழற்றி மாற்று.

காற்றை இறக்கி, அடியில் இருக்கிற ரெண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி, சுத்தியால் பக்குவமாகத் தட்டி இழுத்தால் கீழ்க்கால் உருவிக்கொண்டு வரும். அவனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நான் ஒரு பக்கம், உன் அத்தை ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். "விடாத செல்லாயி!" என்றேன். விட்டுவிட்டாள். நான் கோழிக்கூண்டில், கீழ்க்கால் என் மடியில், எண்ணெய் அவள் ஊறவைத்த உளுந்தில். இதைச் சொல்லும்போது மெர்போக் ஆற்றில் மோட்டாரோடு இறங்கிய காளிதாசன் ஞாபகம் வருகிறது. அந்தக் கதையைத் தொடங்கினால் தாள் பத்தாது, சுருக்கமாகச் சொன்னால் மோட்டார் கிடைத்தது, காளிதாசனும் கிடைத்தான், அவன் பல்செட்டுதான் இன்னும் மீன்களிடம் இருக்கிறது.

எங்கே விட்டேன்? எண்ணெய். உள்ளேயிருந்து வந்தது கறுப்பு, வெளியே வழிந்திருந்தது மஞ்சள். ஒரே காலில் ரெண்டு நிறமா என்று யோசித்தேன், வெளிநாட்டுச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மோந்து பார்க்கலாம் என்றால், இத்தனை வருஷம் ரப்பர்க் கட்டிப்பால் நாற்றத்தில் கிடந்த மூக்கு இது, மல்லிகையும் மாட்டுச்சாணமும் இதுக்கு ஒன்றுதான்.

பழைய சீலைக் கரண்டிக்காம்பால் நெம்பினேன், கிழிந்து வந்தது. இனி புதுசு வேண்டும். வாளியிலிருந்து பள்ளிக்கூட நோட்டு வரைக்கும் விற்கிற கவுஸ் பாய் கடைக்குப் போன் போட்டேன்.

"பாய், அவசரமா ரெண்டு ரப்பர் சீல் வேணும்."

"செஞ்சுடலாம் அண்ணே. யாரு பேருக்கு?"

"நம்ம மருமக சாந்தினி பேருக்கு."

"ஒரே பேருக்கு எதுக்கு ரெண்டு?"

"ரெண்டு காலு இருக்குல்ல பாய்!"

பேரை எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சதுரமா, வட்டமா?" என்றார்.

"சதுரத்த வச்சு நான் என்னா செய்ய? வட்டம்தான்லா. கசியக் கூடாது, சொல்லிட்டேன்."

"கசியாது அண்ணே, கேரண்டி. அழுத்துனா பளிச்சுன்னு இருக்கும்."

எவ்வளவு விவரமான மனுஷன் என்று சந்தோஷப்பட்டேன். சாயந்திரம் பொட்டலம் வந்தது. பிரித்தால் கட்டைப்பிடி வைத்த சாப்பு ரெண்டு! வட்டத்துக்கு நடுவில் சாந்தினி, சுற்றிலும் பூ. நாம் சாப்பு என்று சொல்வதை அவர் பிறந்த ஊரில் சீல் என்றுதான் சொல்வார்களாம். "காலுக்குக் கேட்டீங்க, மருதாணி மாதிரி குத்திக்கும்போலன்னு பூ போடச் சொன்னேன்" என்றார். அந்த மனுஷனை எப்படித் திட்டுவது?

அடுத்த தடவை விவரமாகக் கேட்டேன். எண்ணெய் ஒழுகாமல் பிடிக்கிற வளையம், அளவு நூறு மில்லிமீட்டர். நானே நூலைக் காலைச் சுற்றி வைத்து, வெட்டி, ஸ்கேலில் நீட்டிப் பார்த்த அளவு. வந்தது லோரி சக்கரத்துக்குப் போடுகிற சீல். உன் சைக்கிளின் ரெண்டு காலையும் சேர்த்து அதற்குள் விடலாம். உன் அத்தை அதைச் சோற்றுப் பானைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், ஆடாமல் நிற்கிறதாம்.

கடைசியில் கிழிந்த சீலையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறி சுங்கைப்பட்டாணி சைக்கிள் கடைக்குப் போனேன். அங்கே ஃபாத்தின் என்று ஒரு மலாய்ப் பொண்ணு. "பாக்சிக், கண்ணாடி கொண்டு வரலையா?" என்று கேட்டுவிட்டு அந்தச் சீலையே திருப்பிக் காட்டினாள். ரப்பரில் முப்பத்திரண்டு என்று முட்டிக்கொண்டு நிற்கிறது. கேட்க வேண்டியது குழாயின் குறுக்களவாம், நான் சொன்னது சுற்றளவாம். எதுவானால் என்ன, சரியான சீல் ரெண்டும், உள்ளே வைக்கிற பஞ்சு வளையமும், ஊற்றுகிற எண்ணெயும் வந்துவிட்டது. பஞ்சை எண்ணெயில் நனைத்து உள்ளே வைத்தேன். சீலைக் கோணாமல் இறக்க வீட்டுப் புட்டுக்குழல் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இது உன் அத்தைக்குத் தெரியாது. மறுநாள் புட்டு இன்றைக்கு மணமாக இருக்கிறது என்றாள், ஆமாம் என்றேன்.

பூட்டி, காற்றடித்து, அழுத்திப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கி ஏறியது. கண்ணே கலங்கிவிட்டது. துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுத் தூங்கினேன்.

விடிந்தால் முன்காலில் எண்ணெய்.

என் முகத்தைப் பார்த்து உன் அத்தைக்கே மனசு இளகி, உன் சைக்கிளுக்கு வேண்டிக்கொண்டு தினம் சாயந்திரம் விளக்கு முட்ட எண்ணெய் ஊற்றிக் கும்பிட ஆரம்பித்தாள். அவள் கும்பிடக் கும்பிட ஒழுகல் கூடுகிறது. அந்தக் கம்பெனிக்காரன் மேல் சாமிக்கே கோபம் போல.

ஆகவே சாந்தினி, அந்த ஃபோர்க் பிறவியிலேயே கோளாறு. விற்றவனிடம் கொண்டு போய்ச் சண்டை பிடி, நானும் கூட வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் கவுஸ் பாயின் கூடை வைத்த சைக்கிளைச் சொல்லி வைத்திருக்கிறேன், பிரேக் உண்டு, பின்னாடி மட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாமாவுக்கு வயசாகிவிட்டது, இனி என் பைக்கை இவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதே. டயருக்குக் காற்றடிக்கத் தெரியாதவன் அவன். அவனுக்கு முன்னால் என் தலை இறங்கக் கூடாது.

நீ ஏறுகிற ஏணியெல்லாம் உறுதியாக இருக்கட்டும், அணைக்கிற தீயெல்லாம் சீக்கிரம் அணையட்டும். அத்தையின் முத்தங்களும் என் ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
மாமா தர்மலிங்கம்

பி.கு.: அம்மா சாந்தினி, மேல எழுதுனதையெல்லாம் விட்டுடு! கவர் ஒட்டறதுக்கு உன் சைக்கிள் பக்கத்துலயே தரையில உக்காந்தேன். சொட்டுன்னு என் வழுக்க மண்டையில ஒண்ணு விழுந்துச்சு. பல்லியோன்னு நிமிந்து பாத்தா, சாமி விளக்கு! அடியில கீறல் விட்டிருக்கு, பலக இடுக்கு வழியா நல்லெண்ணெ இறங்கி நேரா உன் முன்கால் மேல. "இத்தன நாளா ஏன் வெளக்குல எண்ணெ நிக்கலன்னு நானும் நெனச்சேன்"ங்குறா உன் அத்த, சாவகாசமா! ஃபோர்க்குக்கு ஒண்ணும் இல்ல. கம்பெனிக்காரன் நல்லவன், சண்ட வேண்டாம், கூடை வச்ச சைக்கிளும் வேண்டாம், தைரியமா பெண்டாங்குக்கு ஏறிப் போ. நான் கிழிச்ச பழைய சீல்கூட நல்ல சீலுதான் போல, போகட்டும். லோகேஸ்வரன்கிட்ட "மாமா புதுசா சர்வீஸ் பண்ணிட்டாரு"ன்னு மட்டும் சொல்லு, பொய்யில்ல. மறுபடி எழுதத் தாள் இல்லாததால இதையே அனுப்புறேன். நீ வேற எதையும் சொல்ல மாட்டேன்னு நம்பிக்கை இருந்தாலும், ஒரு உறுதிக்கு, கீழ உன் பேருல ரெண்டு சீலும் குத்திட்டேன். நீ படிச்சு ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம்.