குழுவில் சேராத கோடு

நாற்பத்தேழாம் எண் நோயாளி அன்றும் தனியாகவே நின்றார்.

கணினித் திரையில்தான். எண்பத்தாறு நோயாளிகளை ஐந்து குழுக்களாகப் பிரிக்கச் சொன்னால், எண்பத்தைந்து பேர் நான்கு குழுக்களில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்தாவது குழுவை இவர் ஒருவரே பிடித்துக்கொண்டு அசைய மறுத்தார். ஒரு வாரமாக இதே கதை. வியாழக்கிழமை காலை ஆகிவிட்டது. திங்கட்கிழமை பெரிய டாக்டரின் மேஜையில் புதிய பட்டியல் இருந்தாக வேண்டும்.

திரை முன் உட்கார்ந்திருந்தவள் அந்த இதய மருத்துவமனையின் புள்ளியியல் அலுவலர். அதை முழுசாகச் சொல்லப் பொறுமை இல்லாத நர்ஸுகள் ‘புள்ளி அக்கா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சம்பளப் பிரிவில்கூட அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது.

பட்டியல் சாதாரண விஷயம் இல்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி அனுப்புவார்கள். தினமும் எத்தனை அடி நடந்தார்கள் என்று தொண்ணூறு நாளைக்கு அது எண்ணும். வீடு வீடாகப் போய்ப் பார்க்க இருந்ததோ ஒரே ஒரு நர்ஸ். அவளால் வாரத்துக்கு இருபது வீடுகளுக்கு மேல் போக முடியாது. யாருக்கு அவள் உண்மையிலேயே தேவை என்பதை நடையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால், யாராவது ஒருவர் வீட்டில் சத்தமில்லாமல் மோசமாகிக்கொண்டிருப்பார்.

அதற்குத்தான் புள்ளி அக்கா காஸியன் என்கிற கணித மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தாள். ஒவ்வொருவரின் தினசரிக் கணக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் வழியாக ஒரு வளைகோடு. இதில் எவ்வளவு நிச்சயம் என்று காட்ட, கோட்டைச் சுற்றி ஒரு பட்டி. ஒரே மாதிரி தேறி வருகிறவர்கள் ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஒரு பொதுக்கோடு. யார் எந்தக் குழு, எந்தக் குழுவுக்கு எந்தக் கோடு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டையும் மாதிரியே சேர்த்து ஊகிக்க வேண்டும். துல்லியமாகக் கணக்கிட்டால் அவள் ஓய்வு பெறும் நாள் வந்துவிடும். ஆகவே மாறுபாட்டு முறை. எளிதான ஓர் ஊகத்தில் ஆரம்பித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிஜத்தின் பக்கம் நகர்த்துவது. சரியான பக்கம் நகர்கிறோமா என்று சொல்ல, ‘கீழ்வரம்பு’ என்று ஓர் எண் உண்டு. அது ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். நின்ற இடம் மலை உச்சியா, வழியில் இருக்கும் சின்ன மேடா என்பதை மட்டும் அது சொல்லாது.

எல்லாக் குழுக்களிலும் மூன்றாவது குழுதான் அவளுடைய பெருமை. பதினொரு பேர். கோடு மெழுகு தடவியது போல வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒருவர் கோட்டின்மேல் இன்னொருவர் கோட்டை வைத்தால் வித்தியாசம் தெரியாது. பதினொரு பேரும் தினமும் ஒரே பூங்காவுக்குப் போகிறவர்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. பெரிய டாக்டர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, வெளிநோயாளிகள் நடைபாதையில் ஒட்டச் சொன்னார். அவர்களுக்கு நர்ஸ் போகத் தேவையில்லை என்றும் உத்தரவு போட்டுவிட்டார்.

நாற்பத்தேழாம் எண்ணின் கோடோ நாய் கடித்த செருப்பு மாதிரி இருந்தது. ஒருநாள் நாலாயிரம் அடி, மறுநாள் முந்நூறு, அதற்கடுத்த நாள் இரண்டாயிரம்.

முதலில் அவள் குழுக்களின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து நாலாகக் குறைத்தாள். இடம் இல்லாவிட்டால் மனிதர் எங்காவது ஒட்டிக்கொண்டுதானே ஆக வேண்டும் என்பது கணக்கு. அவர் அசையவில்லை. அவருக்கு இடம் விட்டு, படுத்த படுக்கையாக இருந்தவர்களும் மாடிப்படி ஏறுகிறவர்களும் ஒரே குழுவாகிப் போனார்கள்.

எட்டாக ஏற்றிப் பார்த்தாள். நாற்பத்தேழைப் பார்த்து இன்னும் மூன்று பேர் தனிக்குடித்தனம் போனார்கள்.

ஆரம்ப ஊகம் தப்போ என்று ஐம்பது விதமாக ஆரம்பித்து ஐம்பது முறை ஓட்டினாள். கீழ்வரம்பு மிக உயரத்தில் நின்ற ஓட்டத்தில் நாற்பத்தேழு தனியாக, முன்னைவிடக் கம்பீரமாக நின்றார். எந்த ஓட்டத்திலும் மூன்றாம் குழு மட்டும் கலையவே இல்லை. அந்தப் பதினொரு பேரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்குக் காரணம் பிடிபட்டது. மனிதருடைய நடை கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளாடலாம் என்பதற்கு எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்து ஒரே அளவை வைத்திருந்தாள். மூன்றாம் குழுவோ தள்ளாடவே இல்லை. அவர்களைப் பார்த்துக் கணித மாதிரி, மனிதர்கள் என்றால் இவ்வளவுதான் தள்ளாடுவார்கள் என்று முடிவு கட்டிவிட்டது. அப்புறம் யார் லேசாகத் தடுமாறினாலும் அதற்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

அவள் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனித் தள்ளாட்டம் கொடுத்தாள். நாற்பத்தேழு கடைசியில் ஒரு குழுவில் சேர்ந்தார். சேர்ந்தவர் சும்மா இருக்கவில்லை. தாராளமான அந்தப் பட்டிக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று ஆகி, அறுபத்திரண்டு பேர் அவரோடு வந்து குவிந்தார்கள். பட்டியலே ஒரு ரயில் நிலையக் காத்திருப்பு அறை போல ஆகிவிட்டது. மூன்றாம் குழு மட்டும் அப்போதும் அதே பதினொரு பேர்.

அவள் பெரிய டாக்டரிடம் போய் நின்றாள். அவர் படத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒரே ஒரு ஆளுக்காக ஒரு வாரமாம்மா? தூக்கிடுங்க.”

தூக்கினாள். மாதிரியை மறுபடி ஓட்டியதும், காலியான இடத்தில் பதினெட்டாம் எண் போய்த் தனியாக நின்றார்.

அது மட்டும் என்றால் அவள் பதினெட்டையும் தூக்கியிருப்பாளோ என்னவோ. ஆனால் ஒருவரை நீக்கினால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘நீக்கக் காரணம்’ என்று ஒரு கட்டம். பட்டை பழுது என்று எழுதலாம் என்று பார்த்தால் பட்டை நன்றாகவே வேலை செய்தது. நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதவும் வழியில்லை. மாட்டிய நாளிலிருந்து ஒருநாள்கூட அவர் அதைக் கழற்றவில்லை. உண்மையில் எழுத வேண்டியது ஒன்றுதான்: மற்றவர்களைப் போல இல்லை. அதை எழுதப் பேனாவை வைத்தவளுக்கு, மனசுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தபோது கை வரவில்லை. மற்றவர்களைப் போல இல்லாத ஒருவரைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை கணக்கும் போட்டாள்?

சனிக்கிழமை காலை அவள் நாற்பத்தேழாம் எண்ணின் வீட்டு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தது ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒல்லியான மனிதர், மணிக்கட்டில் பட்டை. பின்னாலேயே அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. விருந்தாளிக்கு ஒன்றும் மனைவிக்கு ஒன்றும் கொடுத்துவிட்டு, கண்டக்டர் பழக்கதோஷத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புள்ளி அக்கா படத்தை நீட்டினாள். தப்பு ஒன்றும் இல்லை, இந்த ஏற்ற இறக்கம் ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிரிப் ஷீட்டைச் சரிபார்க்கிற மாதிரி விரலை வைத்து நகர்த்தினார்.

“இந்தப் பள்ளம், இவளுக்கு முட்டி வீங்கின வாரம். இவ வராம நான் தனியா போறதில்லை. இது மழை. இந்த உச்சி, மருந்துக் கடை மூடியிருந்துது, அடுத்த தெருக் கடைக்குப் போனோம். இங்க ரெண்டு நாள் படுத்துட்டேன், மூச்சு வாங்குச்சு. போன் பண்ணேன், நர்ஸ் போற இப்போதைய பட்டியல்ல பேர் இல்லைன்னுட்டாங்க.”

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு வாரமாகத் தள்ளாட்டம், தள்ளாட்டம் என்று அவள் கழிக்கப் பார்த்ததில் ஒரு புள்ளிகூடக் காரணம் இல்லாமல் இல்லை. மூச்சு வாங்கிய அந்த இரண்டு நாளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டாள். திங்கட்கிழமை நர்ஸ் போகிற முதல் வீடு இதுதான் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டாள். சங்கடத்தோடு, அதை வாய்விட்டும் சொன்னாள். அவர் பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினார்.

கிளம்பும்போது, ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பூங்காவில் தபால்காரர் குழு ஒன்று இருப்பதைச் சொன்னாள். பதினொரு பேர், ஒருநாள் தவறுவதில்லை, ஒரே சீராகத் தேறிவருகிறார்கள், அவர்கள் படத்தை மருத்துவமனையிலேயே ஒட்டியிருக்கிறோம். நீங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டால் துணையாக இருக்குமே என்றாள்.

கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவியைப் பார்த்தார்.

“போன மாசமே கூப்பிட்டாங்கம்மா,” என்றார் அந்த அம்மாள், “நடக்கறது தபால்காரர் ஒருத்தர்தான், மத்த பத்துப் பேரும் பட்டையைக் கழட்டி அவர் கையில மாட்டிவிட்டுட்டு பெஞ்சுல உக்காந்திருக்காங்க, இவர்தான் என்னோடத நானே நடந்துக்கறேன்னு வந்துட்டார்.”