எண்ணெய் தேய்த்துக்கொண்ட ரேஸ்காரன்

உலகத்திலேயே பத்திரமான இடம் எது என்று கேட்டால், கார் ரேஸ் டிராக் என்றுதான் சொல்வேன். என் மனைவி ஷரீபுன்னிசா அடுப்படி என்பாள். அடுப்படியில் குக்கர் வெடிக்கும். எந்த டிராக்கிலாவது குக்கர் வெடித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நான் அப்துல் மஜீது. துபாயில் ஓர் அரபி வீட்டு டிரைவராக இருந்து, தென்காசிக்கே திரும்பி வந்தவன். அரபி தன் ரேஸ் வண்டிகளை டிராக்கில் ஓட்டிப் பார்க்க என்னைத்தான் அனுப்புவார். ஒருநாள் ஒரு வளைவில் என் தொப்பி பறந்துவிட்டது. நான் டிராக்கைச் சுற்றி அதே வளைவுக்கு வருகிறேன், தொப்பி இன்னும் கீழே விழவில்லை. தலையைக் கொடுத்தேன். வந்து உட்கார்ந்துகொண்டது. தென்காசியில் இதை நம்பாத ஆள் ஒருத்திதான். அவளைத்தான் நான் நிக்காஹ் செய்திருக்கிறேன்.

ஊருக்கு வந்தபின், கொச்சியில் ஒரு டாக்டர் விற்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். இரண்டே சீட்டு. அவ்வளவு தாழ்வான வண்டி. எங்கள் தெரு ஆடுகள் சுற்றிப் போகாது, தாண்டிப் போகும். ஷரீபாவை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. "ஏட்டி, இது குதிரை. ஆள் தெரிஞ்சாத்தான் அடங்கும்" என்பேன். அவளும் "சரி" என்பாள். அந்தச் "சரி"யில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கோயமுத்தூர் பக்கம் ஒரு டிராக்கில், யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஒருநாள் ஓட்டலாம் என்று அறிவித்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. கம்ப்யூட்டரில்தான் பெயர் கொடுக்க வேண்டுமாம். அதைச் செய்ய வேண்டியவன் சென்னையில் இருக்கும் என் மகன் சுஹைப். அவனோ, "உம்மா சரின்னு சொன்னாத்தான் பேரு கொடுப்பேன் வாப்பா" என்றுவிட்டான்.

"எழுவது வயசுல ரேசா? நேத்து பாத்ரூம்ல வழுக்குனது யாரு?" என்றாள் ஷரீபா.

"அதத்தான் நானும் சொல்லுதேன். பாத்ரூம் வழுக்கும். டிராக்கு வழுக்காது. அங்கன எதுத்தாப்புல ஒருத்தனும் வரமாட்டான். எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவான்."

"கபர்ஸ்தானுக்குந்தான் எல்லாரும் ஒரே பக்கமா போறாவ."

"ஏட்டி, ஆம்புலன்ஸ் ரெடியா நிக்கும்!"

"ஆம்புலன்ஸ் ரெடியா நிக்குற எடத்துக்கு எதுக்குப் போவணும்?"

இவளுக்குச் சொல்லிப் புரியாது, காட்டித்தான் புரியவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். குற்றாலத்தில் சீசன். ஐந்தருவிக்கு அழைத்துப் போவது. வழியெல்லாம் ரோட்டின் ஆபத்தைச் சுட்டிக்காட்டுவது. அருவியில் குளித்துக் குளிர்ந்த மனசோடு வீடு திரும்பும்போது "சரி" வாங்கிவிடுவது. துபாயிலேயே இப்படி ஒரு திட்டம் யாரும் போட்டதில்லை.

வண்டியைக் கிளப்பியதும் ஆரம்பித்தேன்.

"பாத்தியா, இண்டிகேட்டர வலது பக்கம் போட்டுட்டு இடது பக்கம் திரும்புதான். டிராக்ல இது நடக்குமா?"

"ம்."

"ஒரு பைக்குல அஞ்சு பேரு. அஞ்சாவது ஆளு மடியில ஒரு சேவல். அதுக்கும் ஹெல்மெட் இல்ல."

"ம்."

இலஞ்சியில் சாரல் விட்ட இடைவெளியில், யாரோ உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள், போகிற வண்டிகளே அடித்துக் கொடுக்கட்டும் என்று. என் சிவப்புக் குதிரை அதன்மேல் சறுக்கிக் குறுக்காக நின்றது.

"டிராக்குல உளுந்து கெடையாது!" என்று கத்தினேன்.

"நீங்க சொல்லுதது சரிதாங்க. ரோடுதான் ஆபத்து" என்றாள் ஷரீபா.

பாதி ஜெயித்துவிட்டேன்!

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் சிவசைலம் என் பழைய சினேகிதர். "வாங்க பாய்" என்று பலகையைத் தட்டினார். ஷரீபா தனக்கு ஜலதோஷம், குளிக்கவில்லை என்றாள். மேற்கே மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிவசைலத்திடம், "அண்ணாச்சி, இவுகளுக்குச் சூட்டு ஒடம்பு. உள்ளங்கை, உள்ளங்கால்ல நல்லா தேயுங்க. எண்ணெயப் பாக்காதிய" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என்மேல் இவ்வளவு கரிசனம் காட்டியதில்லை. எனக்குக் கண் கலங்கியது. எண்ணெயாகவும் இருக்கலாம்.

தலையிலிருந்து கால்வரை பளபளவென்று எழுந்து அருவியை நோக்கி நடந்தேன். அப்போதுதான் விசில் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். ஐந்து அருவியும் ஒன்றாகிவிட்டன. பால் மாதிரி விழுந்த தண்ணீர் டீ மாதிரி விழுந்தது. ஒரு முழு மரம் பல்குச்சி மாதிரி உருண்டு வந்தது. மலையே வாயைத் திறந்துகொண்டதுபோல் ஓர் இரைச்சல். எத்தனையோ எஞ்சின் கேட்டவன் நான். அப்படியொரு உறுமல் கேட்டதில்லை.

"தண்ணி கூடிட்டு! எல்லாரும் வெளிய வாங்க! குளிக்கத் தடை!" என்று போலீஸ்காரர் விரட்டினார்.

பொரிக்கத் தயாரான மீன் மாதிரி நின்றேன். பக்கத்துக் கட்டணக் கழிப்பறைக்கு ஓடினேன். அவ்வளவு வெள்ளத்துக்கு நடுவில் அங்கே குழாயில் தண்ணீர் இல்லை. துண்டால் துடைத்தேன். துண்டுதான் எண்ணெய் குளித்தது.

காருக்கு வந்தால் சாவி கையை விட்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. ஷரீபா எடுத்துக் கொடுத்தாள். ஸ்டியரிங் ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் போனது. கிளட்ச்சிலிருந்து பாதம் வழுக்கியது. குதிரை தவளையாகத் துள்ளி, பஜ்ஜிக் கடை எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"எறங்குங்க" என்றாள் ஷரீபா.

"ஏட்டி, இது குதிரை..."

"குதிரைய வேற ஒருத்தரு பாத்துக்கிடட்டும். எறங்குங்க."

கடைக்காரரிடம் நாலு வாழையிலை வாங்கி அடுத்த சீட்டில் விரித்தாள். பந்தியில் பரிமாறியது மாதிரி அதில் உட்கார்ந்தேன். அவள் செருப்பைக் கழற்றினாள். "பிஸ்மில்லா" என்றாள்.

பின்னால் வேன். முன்னால் கேரளா பஸ். ஒருபுறம் பலாப்பழக் குவியல், மறுபுறம் நாலாயிரம் ஜனம். ரிவர்ஸ் கியர் போட்டாள். கண்ணாடியைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. ஒரு பலாப்பழம்கூட உருளவில்லை. அதற்குள் பானெட்டில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு, வண்டி நகர்வதே தெரியாமல் மாங்காய் தின்றுகொண்டிருந்தது. மெயின் ரோட்டுக்கு வந்தபிறகுதான் அது திடுக்கிட்டு இறங்கிப் போனது.

இறக்கத்து வளைவில் அவள் காலைப் பார்த்தேன். விரல்கள் பிரேக்கில், அதே பாதத்தின் குதிகால் ஆக்சிலேட்டரில், கை கியரைக் குறைக்கிறது. வண்டி தண்ணீரில் விட்ட வாழைமட்டை மாதிரி வளைந்து போகிறது. இந்த வித்தையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் செய்து நான் பார்த்தது அன்றுதான், அதுவும் பக்கத்து சீட்டிலிருந்து. மாஷா அல்லாஹ் என்று என்னையறியாமல் வாயில் வந்தது.

"தொப்பியப் புடிச்சுக்கோங்க" என்றாள்.

"ஏட்டி ஷரீபா, இது எங்கன படிச்ச?"

"எங்க வாப்பா அச்சன்கோவில்ல மிளகு ஏவாரம் பாத்தாவல்லா? மழைக்காலத்துல லோடு ஜீப்ப மலையிலேந்து எறக்குனது யாருன்னு நெனச்சிய?"

"யாரோ டிரைவருன்னு..."

"நாந்தான் அந்த டிரைவரு."

"இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே!"

"எங்கன சொல்ல? நீங்க தொப்பிக் கதைய முடிச்சாத்தான?"

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. "நீ மலையப் பாத்தியே..."

"மேக்க கறுத்திருந்துச்சு. மலையில வண்டி ஓட்டுனவளுக்குத் தண்ணி எப்ப வரும்னு தெரியாதா? அதான் உள்ளங்கையிலயும் தேய்க்கச் சொன்னேன்."

வீட்டுக்கு வந்ததும் மகனுக்கு போன் போட்டாள்.

"சுஹைபு, வாப்பா சொல்லுதது சரிதாம்லே. ரோட்டவிட டிராக்குதான் பத்திரம். பேரு கொடுத்துரு."

துள்ளிக் குதித்தேன். தரையில் வழுக்கினேன்.

"வாப்பா பேருதான உம்மா?"

"அவுகளுக்கு எதுக்குலே? கை வழுக்குது. எம் பேரக் கொடு."

"உம்மா, லைசென்ஸு?"

"ஒருக்காகூட புதுப்பிக்காம விட்டதில்ல."

"அப்ப நான்?" என்றேன் தரையிலிருந்து.

"நீங்க வராமயா? துவா செய்ய ஆள் வேணும்லா. ஆனா ரோடு ஆபத்துன்னு நீங்கதான் சொன்னிய. சீட்டுல எண்ணெயும் காயல. ரயில்ல வாங்க."

டிக்கெட் வந்துவிட்டது. மேல் பெர்த்.