வெயில் பதுக்கிய கடம்ப மரம்

புவி வெப்பமடைவதைத் தடுக்கும் பெரும் பொறுப்பு, தீர்க்கமான ஆலோசனைக்குப் பின், கல்கத்தா சால்ட் லேக்கில் உள்ள எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியிடம் ஒப்படைக்கப்பட்டது. மொட்டை மாடி மறுப்பு ஏதும் சொல்லவில்லை.

ஆரம்பித்து வைத்தவர் மேல்மாடி விஜயலக்ஷ்மி மாமி. அவர் கணவர் பாலசுப்ரமணியன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், இருதய அறுவை சிகிச்சை முடிந்து மேற்கு அறையில் படுத்திருந்தார். அவருக்குச் சூடு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூரைச் சூடு அறைக்குள் இறங்குகிறதே, ஏதாவது செய்யக் கூடாதா என்று மாமி குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டார். உலகத்தைக் காப்பாற்ற ஒரு சாக்குக் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த செயலாளர் ஸ்ரீனிவாசராகவன், அதை அன்றைக்கே பிரதிபலிப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

பிரதிபலிப்புப் பிரிவு என்பது வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்புவதற்காகத் தொடங்கப்பட்ட அலுவலகம். செக்டர் ஃபைவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. கண்ணாடி வழியே வெயில் வருவதால் நாள் முழுக்கத் திரையை இழுத்து மூடி, இருட்டாகிவிடுவதால் எல்லா விளக்கையும் போட்டு, அதனால் புழுங்குவதால் ஏசியைக் கூட்டி வைத்து, அங்கே புவியைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்கள் வந்து மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். பொய் சொல்லக் கூடாது, மாமியின் வீடு கொஞ்சம் குளிரத்தான் செய்தது. அதோடு விட்டிருந்தால் நல்ல காரியம். ஆனால் ஒரு நல்ல காரியத்தை அதோடு விட்டுவிட்டால் அலுவலகத்துக்கு அப்புறம் என்ன வேலை?

இதற்குள் வெள்ளை நாகரிகமாகிவிட்டது. ஸ்ரீனிவாசராகவன் வெள்ளை ஜிப்பா, வெள்ளைக் குடைக்கு மாறினார். இரண்டாம் மாடித் தம்பதி தங்கள் கறுப்புக் காரை வெள்ளையாக்கி, ‘பூமிக்கு எங்கள் பங்கு’ என்று ஒட்டி, ஆள் இல்லாத காரில் ஏசியை ஓடவிட்டு வாசலில் நிறுத்தினார்கள்.

பிறகு பிரிவின் அதிகாரி சைதன்ய பாபு பிரதிபலிப்பை அளக்கும் மீட்டரோடு வந்தார். நூற்றுக்கு எழுபது வாங்கினால் சான்றிதழ். மாடியின் கிழக்குப் பாதி சுலபமாக வாங்கியது. மேற்கே கட்டடத்தைவிட உயரமாக ஒரு கடம்ப மரம். மத்தியானத்துக்கு மேல் மாடியின் மறுபாதியையும் பாலசுப்ரமணியனின் அறைச் சுவரையும் தன் நிழலால் மூடிக்கொண்டு நிற்கும். அந்த நிழலில் மீட்டர் அசையவே இல்லை. சைதன்ய பாபு உதட்டைப் பிதுக்கினார்.

மாமி கல்கத்தாவிலேயே வளர்ந்தவர். வங்காள மொழியிலேயே கேட்டார்; அதில் மாமிக்கு மாஷிமா என்று பெயர்.

“நிழலில் வெயிலே விழவில்லையே சார், எதைத் திருப்பி அனுப்புவது?”

“அதுதான் மாஷிமா பிரச்சினை. வந்த வெயிலைத் திருப்பி அனுப்பினால் கணக்கில் ஏறும். வராத வெயிலை நான் எங்கே காட்டுவது?”

“வராமலே இருந்தால் நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.”

மேலிடம் ஆராய்ந்தபோது குற்றம் இன்னும் முற்றியது. மரம் வெயிலைத் திருப்பி அனுப்பவில்லை என்பது மட்டுமல்ல, இலைகளில் வாங்கி வைத்துக்கொண்டும் இருக்கிறது. பொதுச் சொத்தாகிய சூரிய ஒளியை அனுமதியின்றிப் பதுக்கியதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு, மரத்தின்மேலேயே நோட்டீஸை ஆணி அடித்து மாட்டினார்கள். போதிய அவகாசமும் தந்தார்கள். மரம் பதில் எழுதவில்லை. மௌனம் சம்மதம் என்று கோப்பு நகர்ந்தது.

சங்கக் கூட்டத்தில் மாமி எழுந்தார்.

“அந்த நிழல்லதான் எங்காத்துக்காரர் மூச்சு விட்டுண்டிருக்கார். அதை வெட்டிட்டு யாரைக் குளிர வைக்கப் போறேள்?”

“மாமி, நீங்க ஒரு ரூமைப் பாக்கறேள். நாங்க பூமியைப் பாக்கறோம்,” என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

பலத்த கைதட்டல். வெட்டச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார், தூக்கினோம். கீழ்மாடிக்காரர்களுக்குப் பூமியின்மேல் எப்போதுமே அக்கறை அதிகம்.

மரம் விழுந்தது. ‘வெப்பம் குறித்து மேல்மாடி விஜயலக்ஷ்மி அவர்கள் அளித்த முறையீட்டைக் கனிவுடன் ஏற்று’ என்று உத்தரவில் இருந்தது.

அன்று மாலையே மேற்குச் சுவர் தோசைக்கல்லாகக் காய்ந்தது. மறுநாள் பாலசுப்ரமணியனுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துத் திரும்பினார். அவர் அறைக்கு ஏசி வந்தது. அது வெளியே துப்பிய அனல் தாங்காமல் மூன்றாம் மாடி ஏசி வாங்கியது, மூன்றாம் மாடியின் அனலால் இரண்டாம் மாடி வாங்கியது. இப்படியே படி இறங்கி ஏசி தரைத்தளம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

மீட்டர் எண்பது காட்டியது. பிரதிபலிப்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சான்றிதழ் வழங்கும் விழாவை உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வைத்தார்கள். மேலே வந்த சைதன்ய பாபு முதலில் கேட்டது, ஒதுங்கி நிற்கக் கொஞ்சம் நிழல் எங்கே என்றுதான். மாமி மேற்குப் பக்கம் கை காட்டினார். அங்கே வெறும் வானம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, எல்லா ஏசியும் சேர்ந்து இழுத்ததில், கட்டடத்தில் கரண்ட் போயிற்று. மாமி விசிறியைத் தேடிக்கொண்டு கணவரிடம் ஓடினார். நாங்கள் வெள்ளை உடையில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். வெள்ளைத் தரையிலிருந்து அடித்த வெளிச்சத்தில் திரும்பத் திரும்ப எடுத்தும் சரியாக வரவில்லை. உள்ளதில் நல்லதாக ஒன்றைச் சட்டம் போட்டுச் சங்க அறையில் மாட்டியிருக்கிறார்கள். அதிகாரி, செயலாளர், அங்கத்தினர்கள் எல்லோரும் சான்றிதழோடு கண்களை இறுக மூடிக்கொண்டு நிற்கிறோம்.

மாமி ஒருநாள் வந்து வெகுநேரம் அதைப் பார்த்தார்.

“அச்சு அசலா இருக்கேள்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.