றோட் ஐலண்ட் மாப்பிள்ளைக்கு நான் வைத்த சோதனை

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. (படவேண்டிய வெட்கம் முழுவதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பட்டு முடித்துவிட்டேன்.) இத்தாலியில், பலெர்மோ நகரின் கபோ சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். கடைக்காரன் சிரித்தால் இன்னொரு தரம் பார்ப்பேன். இப்படிப்பட்டவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தால் எப்படியிருக்கும்?

விசாரிக்காமல் பெண் கொடுப்பதும் பாழுங்கிணற்றில் தள்ளுவதும் ஒன்று என்பது எங்கள் ஆட்களின் வேதவாக்கு. அந்த வேதத்துக்குப் பலெர்மோவில் நானே தலைமைக் குரு. லண்டனில் கடை முதலாளி என்று வந்தவர், அதே கடையில் பெட்டி இறக்குபவர் என்று கண்டுபிடித்தேன். இரண்டாமவருக்கு வயதில் ஐந்து குறைத்திருந்தார்கள். மூன்றாமவரிடம் ஒரு குற்றமும் அகப்படவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாகப் போய்விட்டது. மூன்றையும் கலைத்து முடிக்க என் தங்கச்சி ஜெனிற்றாவுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது.

நாலாவதாக வந்தவர் நிக்சன். இதே நகரத்தில் பிரான்காச்சோ பக்கம் இருக்கும் பிலோமினா மாமியின் தம்பி மகன். அமெரிக்காவில் றோட் ஐலண்ட் என்ற மாநிலத்தில், வீடுகளைச் சூடாக்கும் மெசின்கள் திருத்தும் வேலை. மூன்று மாதமாக ஜெனிற்றாவோடு போனில் கதைத்துவிட்டு, பெண் பார்க்க நேரிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அண்ணா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. இவரையும் கலைச்சியளெண்டால் நான் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போயிடுவன்," என்றாள் ஜெனிற்றா. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

நான் போனில் அமெரிக்காவின் வரைபடத்தைத் திறந்தேன். அந்த மாநிலம் என் சுட்டுவிரல் நகத்துக்குக் கீழே மறைந்துபோனது.

"இவ்வளவு சின்ன இடத்திலை ஆரப்பா குடியிருப்பினம்? இது மாப்பிள்ளை கட்டிவிட்ட கதை," என்றேன்.

"ஏன், உங்கடை நெடுந்தீவு அதைவிடப் பெரிசோ?" என்றாள் என் மனைவி றீற்றா.

பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தா பகுதியில், சின்யோரா என்று நான் அழைக்கும் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் எனக்குச் சமையலும் துப்புரவும். அவருடைய காலமான கணவர் ஊர் சுற்றியவர். அலமாரி நிறையப் பயண நூல்கள். தூசி தட்டும்போது அதில் றோட் ஐலண்ட் பற்றி இத்தாலிய மொழியில் ஒரு வழிகாட்டி இருந்ததைக் கண்டேன். மாதாவே அனுப்பிவைத்த மாதிரி இருந்தது. சின்யோரா "திருப்பிக் கொண்டுவா" என்று இரண்டு முறை சொல்லித் தந்தார்.

அவர் மத்தியானம் தூங்கும் நேரங்களில் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். அமெரிக்காவிலேயே சிறிய மாநிலம். காரில் ஒரே நாளில் சுற்றிவிடலாம். எங்கு திரும்பினாலும் கடல், வெளிச்சவீடு, பாய்க்கப்பல். இனிப்பாகக் காய்ச்சிய கோப்பிப் பாணி கலந்த குளிர்ந்த பால்தான் அங்கே எல்லோரும் குடிப்பது. சிப்பிச் சூப் சாப்பிடாமல் திரும்பக்கூடாது. பாறைக்கரையில் பழைய கோடீஸ்வரர்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்க்காதவன் றோட் ஐலண்டையே பார்க்காதவன். பெயரில்தான் ஐலண்ட், பெரும்பகுதி தரையோடு ஒட்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தது. நெடுந்தீவில் பிறந்த எனக்கே தீவு காட்டுகிறார்களா! பெயரிலேயே பொய் என்று ஓரத்தில் எழுதிவைத்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, பிலோமினா மாமியும் நிக்சனும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். றீற்றா றோல்ஸ் பொரித்து அடுக்கியிருந்தாள். மாப்பிள்ளை மெலிந்த, அமைதியான மனிதர். கை முழுக்கச் சின்னச் சின்னத் தீக்காயத் தழும்புகள். நான் குஷனுக்கு அடியில் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

"தம்பி, அங்கை எல்லாரும் என்ன குடிப்பினம்?"

"நான் பிளேன் ரீ, அண்ணை."

"கோப்பிப் பால்?"

"எனக்கு அது ஒத்துக்கொள்ளாது."

புத்தக ஓரத்தில் பென்சிலால் ஒரு பிழைக்குறி போட்டேன். துறைமுகத்துக்கு முன்னால் இருக்கும் பேர்போன சிப்பிச் சூப் கடையைக் கேட்டேன்.

"அதிலை கார் விடுற இடமெல்லோ இருக்கு?"

இரண்டாவது பிழை. அதைச் சந்தோசத்தில் கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.

"சரி. பாறைக்கரை மாளிகையளுக்கு முன்வாசலாலை உள்ளை போனால் முதலிலை என்ன தெரியும்?"

நிக்சன் கொஞ்சம் யோசித்தார். "தெரியாது அண்ணை. நான் பின்வாசலாலைதான் போறனான். நிலவறைக்கை மெசின் திருத்திப்போட்டு அப்படியே வந்திடுவன்."

"பிடிபட்டாச்சு!" என்று எழுந்தேன். "மாமி, குறை நினையாதேங்கோ. தம்பி அமெரிக்காவிலை இல்லை!"

மாமி கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார். நிக்சன் பாதி கடித்த றோல்ஸோடு என்னைப் பார்த்தார். அப்போதுதான் தேநீர்த் தட்டோடு நின்ற ஜெனிற்றா, தட்டை வைத்துவிட்டு என் கையிலிருந்த புத்தகத்தைப் பறித்தாள். முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"அண்ணா, இது நான் பிறக்க முதல் அச்சடிச்ச புத்தகம்!"

நான் புத்தகத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"நீங்கள் பலெர்மோவுக்கு வந்து எத்தினை வருசம்?"

"இருபது."

"ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகேக்கை அந்தப் பெரிய ஒப்பெரா மண்டபத்தின்ரை படியைத் தாண்டித்தானே போறியள். உள்ளை போனால் முதலிலை என்ன தெரியும்?"

"நான் எங்கையடி உள்ளை போனனான்? எனக்கு எங்கை நேரம்?"

"சின்யோரா வீட்டுக்கு எந்த வாசலாலை போறனீங்கள்?"

வேலைக்காரர்களுக்கென்று அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு ஒடுங்கிய படிக்கட்டு இருக்கிறது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்; எல்லோரும் அப்படி ஒரு படியில் ஏறியிறங்குபவர்கள்தான்.

"அப்ப நீங்களும் பலெர்மோவிலை இல்லை," என்றாள் ஜெனிற்றா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நிக்சன் றோல்ஸை ஆறுதலாக மென்று விழுங்கினார். "மாமி, இருங்கோ. அண்ணை, கோவியாமல் அந்தப் புத்தகத்தை ஒருக்கால் தருவியளோ? பன்னிரண்டு வருசமாய் அங்கை இருக்கிறன், அது என்ன இடமெண்டு எனக்கும் பார்க்க ஆசையாய்க் கிடக்கு."

இதற்கு மேல் நான் என்னத்தை விசாரிக்க? அடுத்த வருசம் எங்கள் கோவிலிலேயே கலியாணம். புத்தகம் அவர்களோடு அமெரிக்கா போய்விட்டது. சின்யோராவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தேடுகிறேன், தேடுகிறேன் என்று சொல்லிவருகிறேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் முதலில் என்னைத்தான் பார்க்கிறார். எங்கள் வீட்டிலோ நான் எதைச் சந்தேகப்பட்டாலும், "நீங்கள் பேசாதேங்கோ, நீங்கள் பலெர்மோவிலேயே இல்லை" என்று றீற்றா வாயை அடைத்துவிடுவாள்.

போன மாதம் ஜெனிற்றா ஒரு படம் அனுப்பியிருந்தாள். பாறைக்கரை மாளிகையின் பெரிய வாசலில் இருவரும் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நிக்சனின் கக்கத்தில் சின்யோராவின் புத்தகம். கீழே, "முன்வாசலாலை போனம் அண்ணா. நீங்கள்?" (படத்தைப் பெரிதாக்கி, கடல் உண்மைதானா என்று பார்த்தேன். பழக்கதோசம்.)

அடுத்த ஞாயிறு நானும் றீற்றாவும் நல்ல உடுப்பு உடுத்தி, இருபது வருசமாகத் தாண்டிப்போன அந்தப் படிகளில் ஏறினோம். டிக்கெட் கொடுப்பவர் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

"பலெர்மோ," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார். பிறகு இன்னொரு தரம் பார்த்தார். நான் கத்தரிக்காயைப் பார்க்கிற அதே பார்வை.