போட்டுக்கு வாங்கிய அரக்கு

எனக்குப் பொறாமை வந்தால் மூளை கடையைச் சாத்திவிடும். இந்த வயதிலும் அப்படித்தான். இருபத்திரண்டு வயதில் கேட்கவே வேண்டாம்.

அப்போது மாத்தளை டவுனில் மாமாவின் தளபாடப் பட்டறையில் அலுமாரி, கதிரைகளுக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். கூடவே சலீம், உக்குவெலையிலிருந்து வந்தவன். அதிகம் பேசமாட்டான். "எவ்வளவு அடக்கமான புள்ள!" என்று மாமி உருகுவார். (நான் மட்டும் என்ன, கூரையேறிக் கூவினேனா?) இருவர் கண்ணும் மாமாவின் மூத்த மகள் பரீதா மேல். பெருநாளைக்கு அவள் கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தில் சலீமின் துண்டுதான் பெரிது. விரல் வைத்து அளந்தே பார்த்தேன்.

எல்கடுவ தேயிலைத் தோட்டத்துத் தொரையிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. (மலை மேல் படகு எதற்கு என்று கேட்காதீர்கள். லீவுக்கு லொறியில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோவார்.) அதன் விளிம்பெல்லாம் தேக்கு, வெயில் பட்டுச் சாம்பல் பூத்துக் கிடந்தது. அதற்கு என்ன பூசலாம் என்று பார்த்துச் செய்ய மாமா எங்கள் இருவரையும் அனுப்பினார்.

"நல்லாச் செய்றவன்தான் இனி பட்டறையில எனக்கு வலது கை," என்றார். பரீதாவும் வலது கைக்குத்தான் என்று நானே சேர்த்துக்கொண்டேன்.

"வார்னிஷ் அடிக்கலாமா?" என்று கேட்டார் தொரை.

"வெயில்ல உரிஞ்சிரும் தொரை," என்றான் சலீம். "எண்ணெய் தேய்ச்சாப் போதும். மினுங்காது. ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்கா தேய்ச்சா மரம் தாங்கும்."

தொரை தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எண்ணெய்யா? மரத்துக்கு என்ன, தலைமுழுக்கா? நான் அரக்குப் பொலிஷ் போடுறேன் தொரை. மூஞ்சி பார்த்து ஷேவ் எடுக்கலாம்!"

(அரக்குப் பொலிஷ் வீட்டுக்குள் இருக்கும் அலுமாரிக்குத்தான், தண்ணீர் ஆகாது என்று எனக்கும் தெரியும். அதற்காக அவன் சொன்னதையே நானும் சொல்வதா?)

தொரை சிரித்துவிட்டு வலப்பக்கத்தை எனக்கும் இடப்பக்கத்தை அவனுக்கும் கொடுத்தார்.

பாதியில் அரக்கு தீர்ந்தது. டவுனுக்குப் புறப்பட்ட லொறி ட்ரைவர் பண்டாவிடம் என் சிங்களத்தைக் காட்டினேன்: "பண்டா ஐயே, போட்டுவட்ட அரக்கு கேன்ன!" படகுக்கு அரக்கு கொண்டுவரச் சொன்னதாக நினைப்பு. சிங்களத்தில் அரக்கு என்றால் சாராயம். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கண் முழுக்கச் சலீமின் பக்கத்தில் இருந்தது. வாய் தன்பாட்டில் பேசிவிட்டது.

திரும்பி வரும்போது பண்டா, வேலையைப் பார்க்க மாமாவையும் ஏற்றி வந்தான். மாமாவின் கையில் காகிதத்தில் சுற்றிய இரண்டு போத்தல்கள்.

"இந்தா மகன், நீ கேட்ட சாமான். ஒடஞ்சிரும்னு மடியிலேயே வெச்சிட்டு வந்தேன்," என்று அவரே காகிதத்தைப் பிரித்தார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! தொப்பியோட இத மடியில வெச்சிக்கிட்டு, பள்ளி வாசல்ல நின்ன எல்லாருக்கும் ஸலாம் சொல்லிட்டு வந்தேனேடா!"

பண்டா பதறிவிட்டான். "தொரைமார் போட்டத் தண்ணியில எறக்கும்போது போத்தல் ஒடைப்பாங்கதானே முதலாளி, அதுக்கின்னு நெனச்சேன்."

சலீம்தான் முன்னால் வந்தான். "மாமா, அவர் கேட்டது பொலிஷ் அரக்கு. வாய் தவறிப்போச்சு." என்னைக் காப்பாற்றிவிட்டான். அதுதான் பொறுக்கவில்லை. மாமா என்று வேறு கூப்பிடுகிறான்!

மறுநாள் மாமாவே சரியான அரக்கோடு வந்தார். வெறியோடு தேய்த்தேன். என் பக்கம் கண்ணைப் பறித்தது. சலீமின் பக்கம் மந்தமாகக் கிடந்தது. படகை வெளியே இழுத்து வைத்தோம். அன்று பின்னேரம் எல்கடுவையில் பெய்த மழை என் பிறவிப் பகையாளி. சலீமின் பக்கத்தில் தண்ணீர் உருண்டு ஓடியது. என் பக்கம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது.

தொரை குனிந்து பார்த்தார். "உன்ட பக்கம் நரைச்சிப் போச்சே!"

மாமா விரலால் தடவிப் பார்த்தார். வீட்டுக்குப் போய், சலீம்தான் மாப்பிள்ளை என்று மாமியிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு சலீமுக்கும் பரீதாவுக்கும் நிக்காஹ். பந்தியில் சோறு பரிமாறியது நான். பிற்பாடு பரீதாவின் தங்கை எனக்கு வாய்த்தாள். சலீம் இப்போது என் சகலன்.

ஒவ்வொரு பெருநாளைக்கும் சர்பத்துக் கிளாஸை நீட்டி, "பயப்படாமக் குடிங்க, இது போட் அரக்கு இல்ல," என்பான். பேரப்பிள்ளைகள் வரை சிரிக்கும்.

போன வருடம் எங்கள் வீட்டு முன்கதவுக்கு என்ன பூசுவது என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் இல்லை, சலீமிடம். அவன் வந்து எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனான். மழை பெய்யும்போதெல்லாம் நான் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். ஒரு புள்ளிகூட வெளுக்கவில்லை, பாவி!