பின்னறையில் ஒரு 'என்னங்க'

வீட்டில் காலியாக இருந்தது பின்னறை ஒன்றுதான். அதை எப்படியாவது தான் பாட்டுக் கேட்கும் அறையாக்கிவிடுவது என்று பாம்புச்செவியார் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். மருந்துக் கம்பெனியில் கணக்கர் அவர். நாலு மேஜை தள்ளிக் கிசுகிசுத்தாலும் தன் காதுக்குத் தப்பாது என்று பீற்றிக்கொண்டதில் ஆபீஸ் வைத்த பெயர் அது. மனைவிக்கும் அந்த அறை மேல் ஒரு கண். விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவள் அவள். பாவம், துணி பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

அவருடைய வாதம் ஒன்றே ஒன்று. பாட்டுப் பதிவுகளில் எம்பி3 சின்ன ஃபைல். காதுக்கு எட்டாது என்று நினைக்கிற நுணுக்கத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிடும். ஃப்ளாக் பெரிய ஃபைல், எதையும் விடாது. அந்த வித்தியாசம் தெரிகிற காதுக்கு அமைதியான அறை வேண்டாமா?

"சரி, ஒரே பாட்டை ரெண்டு விதமாவும் போடறேன். எது எதுன்னு சொல்லிட்டா அறை உங்களுக்கு" என்றாள் மனைவி. இவ்வளவு சுலபமாக இறங்கி வந்தபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மழை இருட்டு. பின்னறையில் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே லேப்டாப்போடு அவள். முதல் ஃபைலில் பாட்டு வழக்கம்போல் ஓடி முடிந்தது. இரண்டாவதில், வயலின் ஓய்ந்த இடத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு, "என்னங்க..."

பாடகியின் குரல் இல்லை. இடது காதுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில். திரும்பினார். சுவர்தான் இருந்தது. மனைவியோ வாய் திறவாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அதே குரல், இம்முறை வலது காதில், களைத்துப்போய்: "என்னங்க... காதுல விழலையா?"

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்.

"நீ ஏதாவது பேசினியா?"

"நான் வாயே திறக்கலையே. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அவளும் அதை எடுத்து மாட்டிக் கேட்டுப் பார்த்தாள். தனக்குப் பாட்டு மட்டும்தான் கேட்கிறது, தனக்கு அவ்வளவு நுட்பமான காது கிடையாது என்று சொல்லிவிட்டாள். அவர் யோசித்துப் பார்த்தார். இதே பாட்டை ஹாலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அங்கே யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. அப்படியென்றால் கூப்பிடுகிறவள் பாட்டில் இல்லை, அறையில் இருக்கிறாள்.

"ரெண்டாவதுதான் ஃப்ளாக்" என்றார் எழுந்துகொண்டே. "ஆனா அறை எனக்கு வேண்டாம். உனக்குத்தான் ஒண்ணும் கேக்கலையே, நீயே வெச்சுக்க."

மறுநாள் அங்கே மைக் ஏறிவிட்டது. கட்டிய மனைவியைப் பேயிடம் விட்டுவிட்டோமே என்று அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசற்படி தாண்டாமல் நின்றுகொண்டு, உள்ளே ஒரு பொம்பளை கூப்பிடுகிறாள், தனியாக இருக்காதே என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். "என்னங்க... காதுல விழலையா?" என்றது ஸ்பீக்கர்.

"ரெண்டுமே எம்பி3தான்" என்றாள். "ஒண்ணுல மட்டும் நான் பேசிச் சேர்த்தேன். இதுக்காகக் குரலைக்கூட மாத்தலைங்க. தினமும் சமையலறையிலேருந்து உங்களைக் கூப்பிடறேனே, அதே குரல்தான்."