பீன்ஸ் கொடியும் நான் வீசியெறிந்த முதலைகளும்

அன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் மகளும் பேத்தியும் சுகம். அங்கு நீங்களும் தங்கையும் சுகமாக இருக்கவும், உங்கள் பூச்சிமருந்துக் கடையில் கூட்டம் குறையாதிருக்கவும் மனமார விரும்புகிறேன். நிற்க, நீங்கள் அன்போடு அனுப்பிய மருந்துப் புட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. அதை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன், இருமல் வந்துவிட்டது. அந்த இருமலுக்கும் ஒரு காரணம் உண்டு என்பதால் எல்லாவற்றையும் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு எதையும் அடியிலிருந்து பார்ப்பதுதான் பழக்கம். அப்படித்தான் ஒருநாள் காலையில் பால்கனி பீன்ஸ் கொடியின் இலையைத் திருப்பிப் பார்த்தேன். கடுகைக் கொட்டி அப்பியதுபோல் அசுவினிப் பூச்சி. குருத்தெல்லாம் சுருண்டு, தொட்டால் கை பிசுபிசுத்தது. உடனே உங்கள் புட்டியைத்தான் எடுக்கப் போனேன். ஆனால் நம் பேத்தி பீன்ஸைப் பறித்துத் தின்பதில்லை மச்சான், ஆட்டுக்குட்டி மாதிரி கொடியிலேயே வாயை வைத்துக் கடிக்கிறாள். கழுவித் தருகிறேன் என்றால் ருசி போய்விடும் என்கிறாள். அவள் வாய் படுகிற இடத்தில் மருந்தடிக்க எனக்கு மனசு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே அசுவினி உதிர்ந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அது உண்மைதான், உதிர்ந்தது. தண்ணீரும் உதிர்ந்தது. கீழ் வீட்டில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார், கிளினிக்கும் அங்கேயேதான். துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய வெள்ளைக் கோட்டுகள் அத்தனையும் சேற்றோடு நனைந்துவிட்டன. அவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். நான் செடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். குழாயை மூடத்தான் மறந்துபோனேன்.

சில நாளில் அசுவினி திரும்பி வந்தது. சோப்புக் கரைசல் தெளித்தால் போகும் என்றாள் மகள். ஒரு சொட்டே வேலை செய்யுமென்றால் அரைப் புட்டி எப்படி வேலை செய்யும் என்று யோசித்து, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாகக் கலந்து உச்சி வெயிலில் அடித்தேன். இலைகள் அப்பளம்போல் கருகிப் போயின. பிழைத்த கிளைகளுக்காவது மிதமாக ஏதாவது செய்வோமென்று பூண்டும் மிளகாயும் அரைத்துக் கரைத்தேன். நான் அடித்த நேரம் பார்த்துக் காற்று வீட்டுப் பக்கம் திரும்பியது. மகள் ஒரு மூலையில் தும்முகிறாள், நான் ஒரு மூலையில் இருமுகிறேன், உங்கள் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "செடியில இருக்கறது சாகறதுக்குள்ள வீட்டுல இருக்கறது போயிடும் போலிருக்கே" என்று சொல்லிவிட்டு ஜன்னலை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள்.

இத்தனைக்கும் மேலே, ஒரு காலையில் கொடியில் புதிதாக வேறொரு பூச்சி. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி, முதுகெல்லாம் முள், ஆறு கால். அசல் முதலையைச் சுருக்கி விட்டதுபோல் இருந்தது. அசுவினிக்குத் துணையாகப் படை வந்துவிட்டது என்றே நினைத்தேன். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒன்று விடாமல் தட்டியெடுத்துக் கீழே வீசினேன். ஒரு வாரம் இதே வேலை.

இந்தச் சமயத்தில்தானா கடைவாய்ப் பல் வலிக்க வேண்டும்? வேறு டாக்டரிடம் போகிறேன் என்றேன். உங்கள் அக்கா விடவில்லை. டாக்டரம்மா ஊசி போட்டு, என் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, உற்சாகமாகத் தன் தோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முட்டைக்கோஸ் முழுக்க அசுவினியாக இருந்ததாம். இப்போது ஒன்றுகூட இல்லையாம். ஏதோ பொறிவண்டுக் குஞ்சுகள் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டனவாம். "கறுப்பா, குட்டி முதலை மாதிரி இருக்கும் சார். எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல."

எனக்கு நாற்காலியிலேயே தூக்கிவாரிப் போட்டது. "ஆ, ஆ" என்றேன். வலிக்கிறது என்று இன்னொரு ஊசி போட்டார். வேறு வழியில்லாமல் விரலை நீட்டி மேலே, என் பால்கனியைக் காட்டினேன். டாக்டரம்மாவும் பக்தியோடு மேலே பார்த்து, "ஆமா சார், எல்லாம் அவன் செயல்தான்" என்றார்.

மரத்துப்போன வாய்க்கு உணர்வு திரும்பும்வரை காத்திருந்து உண்மையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார்.

"அப்ப அன்னைக்குப் பெஞ்ச மழையும் நீங்கதானா?"

ஆமாம் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே, பல் அச்செடுக்கும் தட்டில் ஒரு கோஸ் இலையை விரித்து, அதில் முதலைகளை ஏற்றி அவரே மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டார், கேட்க எனக்கு வாயில்லை.

இப்போது கொடி துளிர்த்துக் காய்த்துக் கிடக்கிறது. முதலைகளெல்லாம் சிவப்புப் பொறிவண்டாக மாறி இலைமேல் உலாத்துகின்றன. அசுவினி மருந்துக்குக்கூட இல்லை. காலையில் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. உங்கள் தொழிலைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பூச்சியை ஒழித்தாகிவிட்டது, இனி அந்தப் பேச்சே இந்த வீட்டில் இல்லை என்பதைத் தெரிவிக்கவே எழுதினேன்.

தங்கைக்கு என் ஆசிகள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். வியாபாரம் பெருகி, கைகால் சுகத்தோடு நீங்கள் எல்லாரும் நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பேத்தி அழுதுகொண்டு வந்தாள். பொறிவண்டுகள் தின்ன எதுவும் இல்லாமல் ஒவ்வொன்றாகப் பறந்துபோகின்றனவாம். பார்த்தேன், உண்மைதான். கடைக்கு மருந்து கேட்டு வருகிறவர்களில் யார் தோட்டத்திலாவது அசுவினி நன்றாக அப்பிய கிளை இருந்தால், ஒன்றை ஒடித்து வாங்கி, பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, இந்தக் கடிதம் கண்டவுடன் அனுப்பிவைக்கவும். உயிரோடு வந்துசேர வேண்டும்.